செயின் வாங்குமுன் ஸ்கேலை எடுங்கள்

சைக்கிளுக்குப் புதுச் செயின் போட வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலானவர்களுக்குக் காலில்தான் முதலில் உறைக்கிறது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கிறது, பெடல் சட்டென்று கீழே இறங்குகிறது, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. மறுநாள் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் இரண்டே கேள்விகள்தான் பேச்சில் இருக்கும்: எந்தக் கம்பெனி செயின், என்ன விலை. இரண்டும் தேவையற்ற கேள்விகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இப்போது ஓடும் செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அது தான் ஓடும் பற்களை எவ்வளவு தின்றிருக்கிறது? இதற்கு விடை தெரியாமல் வாங்குகிற செயின், எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும், பழைய செயினைவிட மோசமாக ஓடக்கூடும். எந்தச் செயின் வேண்டும் என்பதைக் கடை அலமாரி தீர்மானிப்பதில்லை. வண்டியில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் பல்சக்கரங்கள்தான் தீர்மானிக்கின்றன. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம். குதிக்கத் தொடங்கிய பிறகு மாற்றுகிறவர் செயினை மட்டும் மாற்றித் தப்புவது அரிது. குதிப்பதற்கு முன்பே அளந்து மாற்றுகிறவருக்குச் சாதாரணச் செயினே தாராளமாகப் போதும்.

அழுக்கு, கிரீஸ் இரண்டையும் துடைத்துவிட்டுப் பார்த்தால், செயின் எத்தனை நுணுக்கமான பொருள் என்பது தெரியும். இரண்டு வெளித்தகடுகள், இரண்டு உள்தகடுகள், அவற்றைக் குறுக்கே கோத்திருக்கும் சிறு ஆணி, ஆணியைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷின் மேல் தாராளமாகச் சுழலும் ஓர் உருளை. இந்த அமைப்பை 1880இல் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்தது. பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் இன்றைய சைக்கிளின் உருவம் அதிலிருந்துதான் நிலைபெற்றது. இன்றைய சைக்கிள் செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண்ணின் சைக்கிளானாலும் பந்தய வீரரின் சைக்கிளானாலும் இந்த அரை அங்குலம் மாறாது. செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, தகடு இழுபட்டு நீள்வதால் அது நேர்வதில்லை. ஆணி தன் புஷ்ஷுக்குள் திரும்பித் திரும்பி, இடையில் புகுந்த மணலோடு உரசித் தேய்கிறது, துளையும் பெரிதாகிறது, ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம் விழுகிறது. அரை சதவீதம் நீண்ட செயினில் ஒரு மூட்டின் பங்கு சராசரியாக 0.06 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் கனம். 114 கண்ணிகள் உள்ள செயினில் அந்த முடிக்கனங்கள் சேர்ந்து 7 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். இதில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று இருக்கிறது. உள்கண்ணியின் இரண்டு உருளைகளும் ஒரே ஜோடித் தகட்டில் உட்கார்ந்திருப்பதால் அவற்றின் இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்கும். வெளிக்கண்ணிதான் மொத்தத் தேய்மானத்தையும் வாங்கிக்கொண்டு இரட்டிப்பாக விரியும். ஒன்றுவிட்டு ஒன்று சரியான அளவும் கூடிய அளவுமாகத்தான் தேய்ந்த செயின் பற்களின் மேல் ஓடுகிறது.

பற்கள் இதற்கு எப்படி ஈடுகொடுக்கின்றன? புதுச் செயின் புதுப் பல்லில் இறங்கும்போது உருளை பள்ளத்தின் அடியில் அமர்கிறது; இழுவை பல பற்களுக்குப் பகிர்ந்து போகிறது. இடைவெளி கூடிய செயினால் அடியில் அமர முடியாது. பல்லின் முகத்தில் கொஞ்சம் மேலேறி நிற்கும். சுமையில் பெரும்பங்கை ஒன்றிரண்டு பற்களே தாங்க நேரும். அந்தச் சுமை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர், 170 மில்லிமீட்டர் நீளக் கிராங்கில், தன் முழு எடையையும் ஒரே பெடலில் ஊன்றி எழுந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 44 பல் சக்கரம் இருந்தால் அதன் ஆரம் சுமார் 89 மில்லிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி செயினில் விழும் இழுவை ஏறக்குறைய 115 கிலோ. நல்ல செயின் இதைப்போலப் பல மடங்கு சுமைக்கும் அறாது. அதனால்தான் செயின் அறுந்து போவதை அபூர்வமாகவும், தேய்ந்து போவதை அன்றாடமாகவும் பார்க்கிறோம். ஆனால் அந்த 115 கிலோவும் இடம் தவறி உட்கார்ந்திருக்கும் ஓரிரு உருளைகள் வழியாகப் பல்லுக்குப் போகும்போது, பல்லின் ஒரு முகம் குடைந்து நுனி கொக்கிபோல் வளைகிறது. இப்படிச் சேர்ந்து தேய்ந்த செயினும் பல்லும் ஒன்றுக்கொன்று பழகிப்போய், பெரிய சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் அச்சு அசலான அரை அங்குல இடைவெளியுள்ள புதுச் செயினைப் போட்டால்தான் வினை. குடைந்துபோன பள்ளத்தில் உருளைகள் சரியாக இறங்காமல், அழுத்தி மிதிக்கும் போதெல்லாம் ஏறித் தாவும். 'டூப்ளிகேட் செயினைக் கொடுத்துட்டீங்க' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பலர் வாங்கியது நல்ல செயின்தான். பல்தான் அதை ஏற்கும் நிலையில் இல்லை.

அளப்பதற்கு 12 அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று போதும். தையல்காரர் டேப் ஆகாது, இழுத்தால் அதுவே நீளும். செயினைத் துடைத்துவிட்டு, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை முன்பக்கமாக லேசாக அழுத்தினால் மேல்செயின் விறைத்து நிற்கும். செயின் கவர் மறைக்கிற வண்டியில் கீழ்ச்செயினைக் கையால் இழுத்துப் பிடித்து அளக்கலாம். ஸ்கேலின் பூஜ்யத்தை ஓர் ஆணித்தலையின் இடது விளிம்பில் வையுங்கள். அங்கிருந்து 24 இடைவெளி தள்ளி வரும் ஆணித்தலையின் இடது விளிம்பைப் பாருங்கள். அது 12 அங்குலக் கோட்டிலேயே நின்றால் செயினில் தேய்மானம் இல்லை. கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், போயிருந்தால் அரை சதவீதம் தேய்ந்திருக்கிறது. கியர் வண்டிக்கு மாற்றும் வேளை இதுதான். பற்கள் இன்னும் கெடவில்லை. எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல், போயிருந்தால் ஒரு சதவீதம். கியர் வண்டியில் பின்பற்களும் செயினோடு போய்விட்டன என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பதினொன்று, பன்னிரண்டு பல்வட்டுகள் உள்ள வண்டிக்கு அரை சதவீதத்தைத் தாண்டவே விடக்கூடாது. ஏழு, எட்டு வட்டுகள் உள்ள சாதாரண கியர் வண்டி முக்கால் சதவீதம்வரை பொறுத்துக்கொள்ளும். செயினுக்குள் செருகிப் பார்க்கும் 'செக்கர்' என்ற தகடு சில கடைகளில் இருக்கிறது. அதில் சில வகைகள் உருளையின் ஆட்டத்தையும் சேர்த்து அளந்து, தேய்மானத்தை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். ஆணிக்கு ஆணி வைத்துப் பார்க்கும் ஸ்கேலில் அந்தத் தப்பு நேர வழியில்லை.

இந்த இடத்தில் கடைக்காரர்கள் தரப்பிலிருந்து வரும் மறுப்பு நியாயமானது. "எதுக்கு அளந்துக்கிட்டு? செயின், ஃப்ரீவீல், முன் வீல் மூணையும் செட்டா மாத்திடுங்க. அப்புறம் என்கிட்ட வந்து குதிக்குதுன்னு சொல்லக்கூடாது" என்பார்கள். செயினை மட்டும் மாற்றிக் கொடுத்து, மறுநாள் வாடிக்கையாளர் வந்து சத்தம் போட்டு, கூலியும் பேரும் போன அனுபவம் எந்த மெக்கானிக்குக்கும் இருக்கும். அவர் கேட்பது தன் வேலைக்கான உத்தரவாதம். ஆனால் அந்த உத்தரவாதத்தை அளவே கொடுத்துவிடும். தேய்மானம் அரை சதவீதத்துக்குள் இருக்கும் வண்டியில் பின் பல்சக்கரமான ஃப்ரீவீலைக் கழற்றிப் போடுவது நல்ல இரும்பைக் குப்பையில் எறிவதுதான். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்துக்கு இது இன்னும் பொருந்தும். முன்னால் 44 பற்கள், பின்னால் 18 பற்கள் என்றால், முன்சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பின்பல் ஒவ்வொன்றும் இரண்டரை முறை செயினைச் சந்தித்துவிடுகிறது. சுமையைப் பகிர்ந்துகொள்ளும் பற்களும் முன்னால் இருபதுக்கு மேல், பின்னால் ஏறக்குறைய ஒன்பதே. எனவே முன்சக்கரம் இரண்டு மூன்று ஃப்ரீவீல்களைக் கண்டுவிடும். சந்தேகம் இருந்தால், புதுச் செயினைப் போட்டபின் முன்சக்கரத்தின் முன் விளிம்பில் செயினை விரலால் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். அசையாமல் பல்லோடு ஒட்டி நின்றால் சக்கரம் நன்றாக இருக்கிறது. பல்லின் பாதி வெளியே தெரியும் அளவுக்குச் செயின் விலகி வந்தால் அதையும் மாற்ற வேண்டியதுதான். சில நூறு ரூபாய் செயினுக்கும் அதைப்போலப் பல மடங்கு ஆகும் முழு செட்டுக்கும் உள்ள வித்தியாசம், பால் கேனும் செய்தித்தாள் கட்டும் சுமக்கும் வண்டிக்காரருக்குச் சின்னத் தொகை அல்ல.

இதற்கு நேர் எதிரான சமாதானமும் உண்டு: "செயின் லூஸாயிடுச்சு, ஒரு லிங்க்கை எடுத்துட்டா டைட்டாயிடும்ணே." இது நம் ஊர்க் கடைகளில் தினமும் நடக்கிற வைத்தியம், செலவும் இல்லை. கியர் இல்லாத வண்டியில் செயின் தளர்ந்தால் முதலில் செய்வது பின் ஆக்ஸில் நட்டுகளைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருகி, சக்கரத்தைப் பின்னால் இழுப்பது. இழுக்க இடமில்லாமல் போனபின் ஓர் உள்கண்ணியையும் ஒரு வெளிக்கண்ணியையும் சேர்த்து எடுப்பார்கள், மொத்தம் ஓர் அங்குலம். தொய்வு போய்விடும், கழலுவதும் நின்றுவிடும். ஆனால் அந்த வைத்தியம் தொய்வுக்கு மட்டும்தான். மீதி இருக்கும் நூற்றுச் சொச்சம் மூட்டுகளில் ஒவ்வொன்றிலும் அந்த முடிக்கனத் தேய்மானம் அப்படியே இருக்கிறது; ஒவ்வொரு கண்ணியும் அதே கூடிய இடைவெளியோடு பல்லில் ஏறிக்கொண்டிருக்கிறது. தொய்வு என்ற ஒரே வெளி அடையாளத்தையும் அழித்துவிடுவதால் இந்த வைத்தியம் நோயை வளர்க்கிறது என்றே சொல்வேன். இதை ஒரு எண்ணால் விளக்கலாம். 114 கண்ணிகள் கொண்ட செயின் ஒரு சதவீதம் தேய்ந்தால் மொத்தமாகக் கூடும் நீளம் பதினான்கரை மில்லிமீட்டர். எடுக்கும் ஜோடிக் கண்ணியோ 25.4 மில்லிமீட்டர். அதாவது, புதிதாகப் போட்டபோது சரியான நீளத்தில் இருந்த செயினில், தேய்மானத்தாலேயே கண்ணி எடுக்கும் அளவுக்குத் தொய்வு வந்துவிட்டது என்றால், அது மாற்ற வேண்டிய எல்லையை எப்போதோ கடந்துவிட்டது.

இன்னொரு தரப்பு இருக்கிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. கியர் இல்லாத கனமான சைக்கிளில் எதையும் அளக்காமல், செயினும் பற்களும் சேர்ந்தே தேயட்டும் என்று விட்டு, ஓடும்வரை ஓட்டி, கடைசியில் மொத்தமாக மாற்றுவது தலைமுறைகளாக நடந்து வருகிறது. இது முட்டாள்தனம் அல்ல. கியர் மாறுவதில்லை என்பதால் ஒரே பல்லும் ஒரே செயினும் ஒன்றாகவே வயதாகின்றன. செயினின் உள் அகலம் தாராளம், நேர்கோட்டில் ஓடுகிறது, பின்பற்களும் பருமன். ஃப்ரீவீலும் மலிவு. இந்த வண்டிக்கு அரை சதவீதக் கணக்கு தேவையே இல்லை. ஒரு சதவீதம்வரை தைரியமாக ஓட்டலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மேலும் விடுவதில் பணத்தைத் தாண்டிய ஆபத்து இருக்கிறது. இந்த வண்டிகள்தான் மற்ற எல்லா சைக்கிளையும்விட அதிகச் சுமை ஏற்றுகின்றன. கேரியரில் மூட்டை, முன்னால் தொங்கும் பைகள், சில சமயம் பின்னால் ஒரு குழந்தை. பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் பல்லை விட்டுத் தாவினால், ஓட்டுகிறவரின் எடை முழுவதும் பிடியில்லாத பெடலோடு ஒரு பக்கமாக இறங்கும். அந்தக் கணத்தில் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்பது அவர் கையில் இல்லை. ஃப்ரீவீல் விலையை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போடக்கூடாது.

எப்போது மாற்றுவது என்பது தெரிந்தபின், எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதி அகலம். கியர் இல்லாத வண்டிக்கும் பின் அச்சுக்குள்ளேயே கியர் இருக்கும் வண்டிக்கும் உள் அகலம் 1/8 அங்குலச் செயின். வெளியே தெரியும் பல வட்டுகளின் மேல் தாவி ஓடும் கியர் வண்டிக்கு 3/32 அங்குலம் அல்லது அதைவிடக் குறுகியது. அகலச் செயின் மெல்லிய ஒற்றைப் பல்லில் கொஞ்சம் சத்தத்தோடு ஓடிவிடும்; குறுகிய செயின் பருமனான பல்லில் உட்காரவே உட்காராது. கியர் வண்டிக்காரர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஃபிரேமில் '21 ஸ்பீடு' என்று பெரிதாக எழுதியிருக்கும். 21 என்பது முன்னால் 3, பின்னால் 7 என்ற பெருக்கல். செயினுக்கு அந்தப் பெருக்கல் வேண்டாம். பின்னால் எத்தனை வட்டுகள் என்பது மட்டுமே வேண்டும். 18 என்றால் ஆறு, 21 என்றால் ஏழு, 24 என்றால் எட்டு. ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் ஒரே செயின்தான், வெளி அகலம் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒன்பதுக்கு ஏறக்குறைய 6.6, பத்துக்கு ஏறக்குறைய 6, பதினொன்றுக்கு ஐந்தரை, பன்னிரண்டுக்கு 5.3 மில்லிமீட்டருக்குக் கீழ். பின் அச்சில் இடம் பெரிதாக விரியாமலே வட்டுகளின் எண்ணிக்கை மட்டும் ஐந்திலிருந்து பன்னிரண்டாக ஏறியதன் விளைவு இது. இடைவெளி குறையக் குறைய, செயினும் மெலிந்தாக வேண்டியதாயிற்று.

அதனால்தான், விலை கூடிய செயின் நீண்டநாள் உழைக்கும் என்ற நம்பிக்கையை நான் மறுக்கிறேன். பன்னிரண்டு வட்டுச் செயின் பல மடங்கு விலை என்பது உண்மை. அந்த விலை, மெலிந்த தகட்டிலும் குட்டையான ஆணியிலும் அதே சுமையைத் தாங்கவைப்பதற்கும், வட்டுக்கு வட்டு வழுக்கி ஏறத் தகடுகளின் விளிம்பைச் சீவுவதற்கும் போகிறது. அதை ஏழு வட்டு வண்டியில் போட்டால் ஆயுள் கூடாது, கியர்தான் தடுமாறும். அதோடு, பன்னிரண்டு வட்டு வண்டிகளில் எஸ்ராமின் சாலைப் பந்தயச் செயினுக்கு உருளையின் விட்டமே வேறு. ஷிமானோவின் புதிய மலைப்பாதைச் செயினுக்கு உள்தகடுகளின் வடிவம் வேறு. அங்கெல்லாம் வண்டியோடு வந்த கம்பெனியை விட்டு நகராமல் இருப்பதே பத்திரம். ஏழு, எட்டு வட்டு வண்டிக்கு அந்தக் கட்டாயமே கிடையாது. தைவானின் கேஎம்சியோ ஷிமானோவோ, அந்த அளவில் எந்த உண்மையான செயினும் பொருந்தும்.

செயினின் ஆயுளை விலையைவிட அதிகமாகப் பாதிப்பது எந்தப் பல்லில் ஓட்டுகிறோம் என்பதுதான். பல்லின் மேல் ஏறும்போது ஒவ்வொரு மூட்டும் மடங்குகிறது. ஆணி தேய்வது அந்த மடக்கத்தில்தான். 28 பல் வட்டில் ஒரு மூட்டு மடங்கும் கோணம் 13 டிகிரிக்குக் கீழ். 14 பல் வட்டில் ஏறக்குறைய 26 டிகிரி. பந்தய வண்டிகளின் 11 பல் வட்டில் 33 டிகிரியை நெருங்கிவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு 1990களின் இறுதியில் செயினின் திறனைச் சோதித்தது. மிகச் சிறந்த நிலையில் மிதிக்கும் சக்தியில் 98.6 சதவீதம் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மிக மோசமான நிலையில் 81 சதவீதம். பெரிய பற்சக்கரங்களில் ஓடும்போது இழப்பு குறைந்தது என்பது அவர்களின் முக்கியமான கண்டுபிடிப்பு. சின்ன வட்டில் மூச்சுமுட்ட மிதிப்பதைவிட, ஒரு கியர் குறைத்துப் பெரிய வட்டில் லேசாகச் சுற்றுவது கால்களுக்கும் நல்லது, செயினுக்கும் நல்லது.

அதே ஆய்வகத்தில் எண்ணெய் போட்டதும் போடாததும் திறனில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு எண்ணெயே வேண்டாம் என்று முடிவுகட்டுவது தவறு. சுத்தமான அறையில் குறுகிய நேரம் ஓடிய செயின் அது. செம்மண் புழுதியும் மழைச் சேறும் அதற்குத் தெரியாது. எண்ணெய் மூட்டுக்குள் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசாமல் காக்கிறது, துரு ஏறாமல் காக்கிறது. வெளித்தகட்டில் வழியும் எண்ணெயோ மணலைப் பிடித்துவைத்துக் குழம்பாக்கி, அந்தக் குழம்பே அரமாக வேலை செய்கிறது. ஆகவே ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே இருப்பதைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். பைக் மெக்கானிக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் பழைய என்ஜின் ஆயில் கரியும் உலோகத் துகளும் கலந்தது, அதைத் தொடாதீர்கள். நல்ல எண்ணெய் போட்டால் செயினை மாற்றவே வேண்டாம் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். எண்ணெய் தேய்மானத்தைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. எவ்வளவு தள்ளிப்போட்டது என்பதையும் ஸ்கேல்தான் சொல்ல வேண்டும்.

பூச்சு விஷயத்தில் என் கருத்து ஊருக்கு ஊர் மாறும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் வெறும் கறுப்புச் செயின் ஒரே மழைக்காலத்தில் செம்பழுப்பாகிவிடும். நிக்கல் பூசிய செயினுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அங்கே வீண் போகாது. உள்நாட்டு ஊர்களில் அது பார்வைக்கு அழகு, அவ்வளவுதான். ஏனென்றால் தேய்வது உள்ளே இருக்கும் ஆணி; வெளித்தகட்டின் மினுமினுப்பு அதற்கு உதவாது. தங்க நிறப் பூச்சு, துளையிட்ட ஆணி எல்லாம் சில கிராம் எடைக்காகப் போராடும் பந்தயக்காரர்களுக்கு. தமிழ்நாட்டில் நல்ல செயினுக்குப் பஞ்சமும் இல்லை. 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் வந்தது. 1960இல் அமெரிக்காவின் டயமண்ட் செயின் கம்பெனியோடு கூட்டு வைத்து டிஐ டயமண்ட் செயின் தொடங்கப்பட்டது. அந்த அமெரிக்கக் கம்பெனி, சைக்கிள் கடைக்காரர்களான ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானத்தின் புரொப்பல்லர்களைச் சுழற்றிய செயினைக் கொடுத்த கம்பெனி. கோவையின் எல்ஜிபி மோட்டார் சைக்கிள்களுக்கான ரோலான் செயினால் நாடெங்கும் அறியப்பட்டது. செயின் செய்யும் கைத்திறனுக்குப் பேர்போன மண்ணில் இருந்துகொண்டு, பெட்டியில் பெயரோ அளவோ இல்லாத செயினை இருபது ரூபாய் மிச்சத்துக்காக வாங்க வேண்டியதில்லை. ஆணித்தலைகள் ஒன்றுபோல் அடிக்கப்பட்டிருக்கின்றனவா, தகட்டில் முத்திரை தெளிவாக இருக்கிறதா, கையில் பிடித்து மடக்கினால் எல்லா மூட்டும் ஒரே மாதிரி இளகி மடங்குகிறதா என்று பார்த்தாலே போலியில் பாதி விலகிவிடும்.

நீளத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழைய செயினைத் தொங்கவிட்டு, பக்கத்தில் புதியதைப் பிடித்து, அதே நீளத்துக்கு வெட்டுவது வழக்கம். பழையது தேய்ந்து நீண்டது என்பதால் இந்த அளவு ஏமாற்றும். கண்ணிகளைத்தான் எண்ண வேண்டும். அதுவும் பழைய செயினில் முன்பே யாராவது கண்ணி எடுத்திருந்தால் எண்ணிக்கையும் பொய்யாகிவிடும். அப்போது கியர் வண்டியில், கியர் மாற்றும் டீரெய்லருக்குள் நுழைக்காமல், முன்னால் பெரிய வட்டு, பின்னால் பெரிய வட்டு இரண்டையும் சுற்றிச் செயினை நேரடியாகப் பிடித்து, அதோடு ஓர் அங்குலம் கூட்டி வெட்டலாம். கியர் இல்லாத வண்டியில் பின்சக்கரத்தை அதன் காடியில் முன்பக்கமாகத் தள்ளிவைத்து அளந்தால், பின்னால் இறுக்கிக்கொள்ள இடம் கிடைக்கும். போட்டபின் கீழ்ச்செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் அசைய வேண்டும். விறைப்பாக இருந்தால் பேரிங் கெடும்.

இணைக்கும் இடத்தில்தான் கடைசிக் கவனம். பழைய பாணிச் செயின் லாக்கில் ஒரு சின்ன எஃகுக் கிளிப் இருக்கும், ஒரு முனை மூடியும் மறுமுனை பிளந்தும். செயின் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையை மூடிய முனை பார்க்க வேண்டும். மேல்செயினில் அது முன்பக்கம். தலைகீழாகப் போட்டால், செயின் கவரிலோ சேலைத் தலைப்பிலோ துணியிலோ உரசி, பிளந்த முனை விரிந்து கிளிப் தெறித்துவிடும். ஏழு, எட்டு வட்டுச் செயினுக்குக் கையாலேயே கோக்கும் இணைப்புக் கண்ணி வருகிறது. பலமுறை கழற்றிப் போடலாம். பத்துக்கு மேற்பட்ட வட்டுச் செயின்களில் பல இணைப்புகள் ஒரே ஒரு முறைக்குத்தான், கழற்றினால் புதிது வாங்க வேண்டும். ஷிமானோவின் சில செயின்களில் எழுத்துப் பொறித்த பக்கம் வெளியே தெரியுமாறு மாட்ட வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள், தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்தப் பிள்ளை படிப்பை முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா வேலைக்கு எடுத்துப் போகிறார், தம்பி ட்யூஷனுக்குப் போகிறான். அந்த வண்டிக்கு வேண்டியது கியர் இல்லாத வண்டிக்கான 1/8 அங்குலச் செயின், கண்ணி எண்ணி வெட்டியது, லாக்கோடு. கடலோரம் என்றால் நிக்கல் பூசியது. பெரிய பரீட்சை விடுமுறையில் ஒருமுறையும் தீபாவளிக்கு முன் மழை தொடங்கும்போது ஒருமுறையும் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் போதும். ஒரு சதவீதத்தைத் தொடும்போது செயினை மாற்றிவிட்டால், முதல் ஃப்ரீவீலே இரண்டாவது செயினுக்கும் பெரும்பாலும் தாங்கும். மெக்கானிக் கடைகளும் வண்டியை வாங்கி வைக்கும்போதே அளந்து, அந்த அளவை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கலாம். செட்டாக மாற்றச் சொல்கிறாரா, செயின் மட்டும் போதும் என்கிறாரா என்ற பேரத்தில் அப்புறம் இருவருக்கும் நடுவே சந்தேகம் இருக்காது; ஸ்கேலில் 12 அங்குலக் கோட்டைத் தாண்டி ஆணி எங்கே நிற்கிறது என்பதை இருவருமே பார்த்திருப்பார்கள்.